ஏழு மணிக்கு ஒரு வகுப்பு

ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டேன். இன்னொரு கால் இந்தப் பக்கம். நடுவில், என் முழங்கால் உயரத்தில், தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் அரக்கு நிறத்தில் பட்டு இழைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“ஐயோ, டீச்சரம்மா! தாண்டாதீங்க!”

ஒருவர் இல்லை, தெருவே கத்தியது. பயந்துபோய்த் திரும்பினேன். கக்கத்தில் குடை. அதன் கம்பி நுனி இழைகளுக்குள் நுழைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்பிய வேகத்தில் அது இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

பட்டு இழை அறுந்தால் சத்தமே கேட்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தெருதான் சட்டென்று அடங்கிப்போனது. கஞ்சி வாடை மட்டும் மூக்கில் ஏறியது. எதிரே இழைகள் சுருண்டு சுருண்டு தொங்கின. அவற்றுக்கு அந்தப் பக்கம், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, என் ஒன்பதாம் வகுப்பு மாணவி தேவகி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகத்தான் நான் அங்கே வந்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதக் காலை. மணி ஏழரை இருக்கும். ஆரணிக்கு நான் கணக்கு டீச்சராக வந்து இரண்டாவது வருஷம்.

போன வாரம் இந்தத் தொடரில் வந்த, நான் சாக்பீஸ் டப்பாவை ஹெட்மாஸ்டர் மேஜையில் வீசிய கதையைப் படித்துவிட்டு, ஒரு வாசகி கார்டு போட்டிருந்தார். ‘இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது’ என்று எழுதியிருக்கிறார். அம்மா, இந்த வாரத்தையும் படித்துவிட்டு மொத்தமாகத் திட்டி ஒரு கவரே போடுங்கள்.

யார் எடுத்த நாட்கள்?

அந்த வருஷம் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தோம். ஏறக்குறைய இரண்டு மாதம். நானும்தான். வேலூருக்குப் போய் ஊர்வலத்தில் நடந்தேன், கோஷம் போட்டேன், தொண்டை கட்டிக்கொண்டு கண்ணமங்கலத்தில் என் வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். நாங்கள் கேட்டது நியாயம்தான். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் வாருங்கள், அதை நான் வாதாடத் தயார்.

ஆனால் வேலைநிறுத்தம் முடிந்து வகுப்புக்குள் நுழைந்த அன்று, கரும்பலகையில் நான் கடைசியாக எழுதியிருந்த கணக்கு பாதியோடு அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. ‘இதிலிருந்து’ என்று எழுதி நிறுத்தியிருந்தேன். எதிலிருந்து என்ன என்று பிள்ளைகளுக்கு மறந்துபோயிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிஷம் ஓடவில்லை.

அப்புறம் ஓட்டம்தான். மூன்று பாடத்தை ஒரு வாரத்தில் நடத்தினேன். நடத்தினேன் என்பது பொய், ஒப்பித்தேன். ஏப்ரலில் முழுப் பரீட்சை வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாதிக்கு மேல் கணக்கில் காலி.

தேவகி பதினொரு மார்க்.

அந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி. எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருப்பாள். அப்பா முனிரத்தினம் பட்டுத் தறி நெய்கிறவர். இரண்டு தறி, வீட்டோடு. தேவகிக்கு ஒரே ஒரு ஆசை, டெலிபோன் ஆபீஸ். ஒருமுறை யாருக்கோ துணையாக அங்கே போனவள், காதில் மாட்டிக்கொண்டு ‘நம்பர் ப்ளீஸ்’ என்று கேட்கும் பெண்ணைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து அதே பேச்சு. “ஒரு எடத்துல உக்காந்துகினே ஊர் பூரா பேசலாம் டீச்சர்” என்பாள். அதற்குப் பத்தாவது பாஸாக வேண்டும். பத்தாவதுக்குப் போக ஒன்பதாவது தாண்ட வேண்டும்.

முனிரத்தினம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “பெயிலாயிட்டா ரெண்டாவது வருசம் அதே கிளாஸ்ல உக்கார வெக்க மாட்டேங்க. நேரா தறிதான்.” கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சொன்னார்.

பதினொரு மார்க்கில் அவள் சோம்பேறித்தனம் எவ்வளவு, என் இரண்டு மாதம் எவ்வளவு? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். படுத்தால் புரளுவேன். “உனக்கு இன்னா ஆச்சு, கால்ல சக்கரமா கட்டிகினு கீற?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

சரிங்க டீச்சரம்மா

ஹெட்மாஸ்டரிடம் போய் நின்றேன். லீவைக் குறையுங்கள், மே மாதம் முழுக்க வகுப்பு நடத்துகிறேன், ஜூனில் பள்ளி திறக்கும் அன்று மறுபரீட்சை வையுங்கள், தேறினவர்களைப் பத்தாவதுக்கு அனுப்புங்கள் என்றேன்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். ஆனால் எதையும் இரண்டு நாள் ஊறவைத்துத்தான் சொல்வார். எனக்கு இரண்டு நிமிஷமே பொறுக்காது.

“லீவுங்கறது பசங்களுக்கு வேணும்மா. உங்களுக்கும் வேணும்.”

“ஸ்டிரைக்ல ரெண்டு மாசம் லீவுதானே சார் குடுத்தோம்?”

அவர் சிரித்துவிட்டார். பெற்றோரைக் கூப்பிடலாம் என்றார்.

வந்தவர்களில் முக்கால்வாசி நெசவுக்காரர்கள். நாலைந்து பேர் சந்தவாசல் பக்கத்துக் கழனி வேலைக்காரர்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னால் பாதிப் பேர் நின்றார்கள். நான்தான் பேசினேன். விட்டுப்போன பாடம், பத்தாவது பரீட்சை, பிள்ளைகளின் எதிர்காலம், எல்லாவற்றையும் கொட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முனிரத்தினம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “எத்தினி மணிக்குங்க?”

“காலைல ஏழுலேர்ந்து பத்து” என்றேன் பெருமையாக. “கத்திரி வெயில் ஏறதுக்குள்ள முடிச்சுடலாம். பசங்களுக்கும் கஷ்டமில்ல.”

அந்த நேரத்தை நானே யோசித்து வைத்திருந்தேன். முதல் பஸ்ஸைப் பிடிக்க நான் விடியுமுன்னே எழுந்திருக்க வேண்டும். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குளிர்ந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேனாம், தியாகமாம்!

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் முனிரத்தினம், “சரிங்க டீச்சரம்மா” என்றார். மற்றவர்களும் “சரிங்க, சரிங்க” என்றார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் பேசாமல் இருக்கிறீர்கள் என்று. கேட்கவில்லை. சம்மதம் வாங்கிவிட்ட சந்தோஷத்தில் கூட்டத்தை முடித்து, எல்லோருக்கும் டீ வரவழைத்தேன்.

நாலு பேர்

முதல் நாள் ஏழு மணிக்கு வகுப்பில் நாலு பேர்.

நாலு பேரும் சந்தவாசல் பக்கத்துப் பிள்ளைகள். பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பிள்ளையைக்கூடக் காணோம். ஏழே கால் ஆயிற்று. ஏழு இருபது ஆயிற்று. வாசலுக்கும் கரும்பலகைக்கும் நடந்தேன். மாடிப்படிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அந்த நாலு பேரும் தலையைத் திருப்பித் திருப்பி என்னையே பார்த்தார்கள்.

“எங்கடா எல்லாரும்?”

“தெரீல டீச்சர். வர்ற வழியில தெருவுல நின்னுகினு இருந்தாங்க.”

“நின்னுகினு இருந்தாங்களா? இன்னா பண்றாங்க?”

“சும்மா நிக்கிறாங்க டீச்சர்.”

சும்மா நிற்கிறார்களாமே! குடையை எடுத்தேன், கிளம்பிவிட்டேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் என் வகுப்பு முழுக்க அங்கே இருந்தது. பொய்யில்லை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று இரண்டு வரிசையாக, வகுப்பில் நிற்பதைவிட ஒழுங்காக நின்றிருந்தார்கள். அங்கேயே அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கலாம். இரண்டு வரிசைக்கும் நடுவில் பாவு ஓடியது.

பாவு என்றால், சேலையில் நீளவாட்டில் போகும் இழைகள் மொத்தமும். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, லேசாகக் கஞ்சி தடவி, அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைத்து, உலரவைத்துச் சுருட்ட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி முறுகி இழை பொட்டுப் பொட்டென்று போகும். அதனால் விடியலில் தொடங்கி எட்டு, எட்டரைக்குள் முடித்தாக வேண்டும். மே மாதத்தில் இன்னும் சீக்கிரம். வைகாசிக் கல்யாணங்களுக்குச் சேலை போக வேண்டிய நேரம் என்பதால், தினம் யாராவது ஒருவர் வீட்டுப் பாவு தெருவில் இருக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது தேவகி வகுப்புக்கு வரவில்லை என்பது மட்டும்தான்.

அவள் பாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சுற்றிக்கொண்டு போனால் தெருவின் முழு நீளத்தையும் நடக்க வேண்டும். நான் நின்ற இடத்தில் பாவு கொஞ்சம் தாழ்வாக இருந்தது. அந்தத் தெருவில் குனிந்து அடியில் நுழைவார்களே தவிர, யாரும் பாவைத் தாண்ட மாட்டார்கள். அது சாமி காரியம் மாதிரி. நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு காலை வைத்தேன்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

குடைக் கம்பி

முனிரத்தினத்தின் பாவு அது. அவர் ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர், “கால எடுக்காதீங்கம்மா, அப்படியே நில்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே, அப்படியே நின்றேன். குடைக் கம்பியிலிருந்து ஒரு பெரியம்மா இழையை மெல்ல மெல்ல விடுவித்தார். அப்புறம்தான் காலை எடுக்க விட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் அவன் தலையில் தட்டினான்.

“ஜல்தி, ஜல்தி, வெயில் வருது!” என்று முனிரத்தினம் குரல் கொடுத்தார். இரண்டு பக்கமும் பெண் பிள்ளைகள் குனிந்தார்கள். சாம்பலைத் தொட்டு, அறுந்த இரண்டு நுனியையும் வைத்து ஒரு முறுக்கு. அடுத்தது. அடுத்தது. அறுபது இழையோ எழுபது இழையோ. நான் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன், விரலில் வழுக்கிக்கொண்டு போனது.

“நீங்க தொடாதீங்க டீச்சர்” என்றாள் தேவகி.

சரி என்று குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன். வேறு எதற்கும் நான் லாயக்கில்லை. அவள் முகத்தைத் தூக்காமல் பேசினாள்.

“எதுக்கு வந்தீங்க?”

“நீ ஏன் வரல? மறுபரீட்ச இருக்குன்னு தெரியும்ல?”

“எங்க பாவுக்கு ஊரே வந்து நிக்குது. நாளைக்கு அவங்க பாவுக்கு நான் போய் நிக்கணும். கிளாஸ் கீதுன்னு சொன்னா, எங்க நைனா பாவுக்கு அப்புறம் யார் வருவாங்க?”

“அப்போ படிப்பு வேணாமா? டெலிபோன் ஆபீஸ் வேணாமா?”

அவள் கை நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

“ஸ்டிரைக் பண்ணது நீங்க. லீவு போறது எங்களுதா டீச்சர்?”

பக்கத்தில் இருந்தவர்கள் “ஏய், தேவகி!” என்று அதட்டினார்கள். முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு, “டீச்சர் கிட்ட பேசற பேச்சா இது?” என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலக் கை துறுதுறுத்தது. அந்தக் கையில் குடை இருந்ததால் அவள் கன்னம் தப்பியது.

எட்டரைக்குப் பாவு சுருட்டியாயிற்று. கொஞ்சம் முறுகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மோர் கொடுத்தார்கள். முனிரத்தினத்திடம் கேட்டேன்.

“கூட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி ஏழு மணின்னு சொன்னேன். அப்பவே முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “காலைல பாவுன்னு ஊருக்கே தெரியுமேங்க. டீச்சரம்மாவுக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியல. ஏதோ அனுசரிச்சி செய்வீங்கன்னு நெனச்சிட்டோம்.”

நான் அவர்கள் சம்மதித்தார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நான் அனுசரிப்பேன் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை வழிந்தது, வகுப்பில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

யாருக்கும் வேண்டாத நேரம்

“உங்களுக்கு எப்பதாங்க ஒழியும்?” என்று கேட்டேன்.

முனிரத்தினம் யோசித்தார். பாவு முடிந்தால் தறியில் ஏறிவிடுவார்கள். பெண் பிள்ளைகள் சேலைக் கரை நெய்ய, குறுக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ள உட்கார வேண்டும். சாயந்திரம் வெயில் இறங்கினால் மறுபடியும் தறி, விளக்கு வைக்கும் வரை. “ஒரு மணிக்குத் தறி நிக்குங்க. சாப்ட்டு படுப்போம். மூணுக்கு மேலதான் எழுந்திருப்போம்” என்றார்.

ஒன்றிலிருந்து மூன்று. கத்திரி வெயிலில். ஊரில் நாய்கூட வெளியே வராத நேரம். வேறு எதுவும் மிச்சமில்லை.

ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பசங்க மயக்கம் போட்டு விழுந்தா யார்மா பதில் சொல்றது?”

“நான் சொல்றேன் சார்.”

“உங்களுக்கே மயக்கம் வந்தா?”

“அப்பவும் நானே சொல்றேன்.”

பன்னிரண்டு மணி பஸ்ஸில் நானும் டிரைவரும் கண்டக்டரும்தான். ஜன்னல் கம்பியைத் தொட முடியாது. “இந்த வெயில்ல ஊருக்கே லீவு, உங்களுக்கு மட்டும் இன்னா டீச்சர் பள்ளிக்கூடம்? பேஜாரு புடிச்ச வேலையா கீதே” என்று கண்டக்டர் தினமும் கேட்பார். தினமும் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே போவேன். அதில் பாதி வழி போய்விடும்.

முதல் நாள் மத்தியானம் முப்பத்தியொரு பேர் வந்தார்கள். ஓட்டுக் கூரை. உள்ளே அடுப்பு மாதிரி அனல். பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். மறுநாள் போனால் ஜன்னலெல்லாம் ஈரச் சாக்கு தொங்கியது. கோடையில் இழை காயாமல் இருக்கத் தறி அறையில் கட்டுவார்களே, அதே சாக்கு. முனிரத்தினமும் இன்னும் இரண்டு பேரும் வந்து கட்டிவிட்டுப் போனார்களாம். அதன் பிறகு அந்த மே மாதம் முழுக்க ஈரச் சாக்கு வாடையில் நான் அல்ஜீப்ரா நடத்தினேன். மழையில் நனைந்த கோணிப்பையை எங்கே முகர்ந்தாலும் இப்போதும் எனக்கு ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் ஞாபகம் வரும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் இன்னொரு முறை பள்ளி நாட்கள் வீணாயின. இன்னொரு ஹெட்மாஸ்டர், இன்னொரு கூட்டம். கோடை லீவைக் குறைக்கலாமா வேண்டாமா என்று ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மேஜையைத் தட்டினார்கள். படிப்பு முக்கியம் என்றது ஒரு கட்சி, பிள்ளைகள் பாவம் என்றது இன்னொன்று. நான் இரண்டிலும் சேரவில்லை. “முதல்ல போய் எத்தன மணிக்குன்னு அவங்கள கேட்டுக்கிட்டு வாங்க” என்றேன். புதிதாக வந்த ஒரு சார், “டீச்சர் இன்னா சம்பந்தமில்லாம பேசறாங்க” என்றார். அவர் கக்கத்திலும் ஒரு குடை இருக்கிறது, இன்னும் எந்தப் பாவிலும் மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திருப்பிக் கூட்டிப் பாரு

தேவகிக்கு வருகிறேன்.

ஆயிரக்கணக்கான இழையோடு புழங்குகிற பெண், அவளுக்குக் கணக்கு தானாக வந்திருக்குமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஆசைப்பட்டேன். வரவில்லை. அவள் இழையை எண்ணுவதே கிடையாது, கண் பார்க்கிறது, விரல் போகிறது, அவ்வளவுதான். அல்ஜீப்ரா அவளுக்கு வேப்பங்காய். அதுவும் காலையில் பாவுக்கு நின்று, தறியில் உட்கார்ந்து, சாப்பிட்ட சோறு செரிக்காமல் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவளுக்கு!

ஆனால் வந்தாள். ஒரு நாள் தவறாமல் வந்தாள். அவளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அவளுடைய பெரிய வியாதி, போட்ட கணக்கைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். விடை வந்ததும் நோட்டை மூடிவிடுவாள். ஏழும் எட்டும் பதினாறு என்று எழுதியிருப்பாள்.

“திருப்பிக் கூட்டிப் பாரு.”

“ஒரு வாட்டி போட்டதே பெருசு டீச்சர்.”

“திருப்பிக் கூட்டிப் பாரு தேவகி!”

“போட்டது போட்டாச்சி. மறுபடியும் பாத்தா மட்டும் மாறிடுமா?”

தினம் இதே சண்டை. கடைசி வாரத்தில் எனக்குத் தொண்டையே போய்விட்டது. ஊர்வலத்தில் கோஷம் போட்டபோதுகூட அவ்வளவு கட்டவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. மறுபரீட்சை. கேள்வித்தாள் நான் எடுத்தது, திருத்தினதும் நான். தேவகி பேப்பரை வேண்டுமென்றே கட்டின் அடியில் வைத்தேன். பிறகு பொறுக்க முடியாமல் நடுவிலேயே உருவித் திருத்தினேன்.

முப்பத்து மூன்று.

பாஸுக்கு முப்பத்தைந்து. மறுபடியும் திருத்தினேன். பிடிவாதமாக அதே முப்பத்து மூன்று. எங்கேயாவது அரை மார்க் கிடைக்காதா என்று மூன்றாவது தடவை, கண்ணை இடுக்கிக்கொண்டு. கிடைக்கவில்லை. எழுந்து ஸ்டாஃப் ரூமில் நாலு சுற்று நடந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் மைதானத்தில் பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகி கையில் அட்டைக் காகிதம் இல்லை. ரிசல்ட் தெரியாமல் எந்த வகுப்புப் புத்தகத்தை அவள் வாங்குவாள்?

போய் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில், வட்டத்துக்குள், முப்பத்தைந்து என்று போட்டேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை.

பேப்பரைக் கொடுத்தபோது வகுப்பே கத்தியது. தேவகி சத்தமே போடாமல் பேப்பரை எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். வேறு யாரும் இல்லை.

“டீச்சர், கூட்டல் தப்பா கீது.”

“எந்தக் கணக்குல?”

“நீங்க போட்ட கூட்டல். முப்பத்து மூணுதான் வருது.” பேப்பரை நீட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் மார்க்கையும் பென்சிலால் ஓரத்தில் எழுதி, கீழே கூட்டியிருந்தாள். பக்கத்திலேயே இன்னொரு முறை. அதற்குக் கீழே இன்னொரு முறை. “மூணு வாட்டி திருப்பிக் கூட்டிப் பாத்தேன்.”

ஒரு மாதம் கத்திக் கத்திச் சொன்னது, போயும் போயும் இன்றைக்கா ஏற வேண்டும்! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன்.

“தெரியும்” என்றேன்.

“தெரிஞ்சா போட்டீங்க?”

“தெரிஞ்சுதான் போட்டேன். அந்த ரெண்டு உன்னுது இல்ல. நாங்க ஸ்டிரைக் பண்ணோமே, அதுக்கு.”

அவள் பேப்பரைப் பார்த்தாள். வட்டத்துக்குள் இருந்த எண்ணைப் பார்த்தாள். நாலாக மடித்தாள். தாவணி முனையில் முடிந்துகொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“ரெண்டு மாசத்துக்கு ரெண்டு மார்க்குதானா டீச்சர்?”

பெல் அடித்துவிட்டது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு நான் வகுப்புக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்கு அன்றைக்கு மத்தியானத்து முதல் பீரியட் நான்தான். அவள் எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தாள்.